முன்னால் நின்றவர் கழுத்து

திருச்சி பஞ்சப்பூர்ப் பக்கம் இருந்த அந்த மெடிக்கல் கோடிங் அலுவலகத்தில் இரண்டு ரோசலின்கள் வேலை பார்த்தார்கள். ஒருத்தி இதயப் பிரிவு, இன்னொருத்தி கழுத்தெலும்புப் பிரிவு. அதனால் ஒருத்தி இதய ரோசலின் ஆனாள், மற்றவள் கழுத்து ரோசலின் ஆனாள். கழுத்து ரோசலினுக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அவள் கணவன் லாரன்ஸுக்குத்தான் அது பெரிய வேடிக்கை. பொன்மலை ரயில்வே பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்களிடம், "எம் பொண்டாட்டி ஆபீஸ்ல நாள் பூரா ஊரான் கழுத்தப் பிடிக்கிறா, சாயங்காலம் வந்து எங்கழுத்தப் பிடிக்கிறா" என்று சொல்லிச் சிரிப்பான்.

வேலை இதுதான். எங்கோ ஒருவருக்குக் கழுத்து வலி வருகிறது. படம் எடுக்கிறார்கள். டாக்டர் அவரையும் படத்தையும் பார்த்துவிட்டு, இந்த எலும்புக்கும் அந்த எலும்புக்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, இடது கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதுகிறார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அவ்வளவு படிக்கப் பொறுமை இல்லை. ஓர் எழுத்தும் சில எண்களும் இருந்தால் போதும், அதற்குப் பெயர்தான் கோடு. டாக்டர் எழுதியதைப் படித்து அந்த எழுத்தையும் எண்களையும் சரியாகப் பிடித்துக் கொடுப்பவள் ரோசலின். முதலில் அமெரிக்கக் கழுத்துகள் வந்தன. பிறகு உள்ளூர்க் கழுத்துகளும் வர ஆரம்பித்தன.

அப்புறம் வந்தது முன்னோக்கு ஸ்கேன்.

இன்றைக்கு இருக்கிற கழுத்தைப் படம் பிடித்து, பத்து வருஷம் கழித்து அது எந்த நிலைமையில் இருக்கும் என்று அந்த மெஷினே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். டாக்டர் வேண்டியதில்லை, அறிக்கையையும் அதுவே எழுதிவிடும். வராத நோய்க்கும் ஒரு கோடு வேண்டுமே என்று பழைய கோடுகளின் வாலில் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்று அர்த்தம். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். முன்னாலேயே தெரிந்தால் ஜாக்கிரதையாக இருக்கலாம் இல்லையா.

ஊர் அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. எஃப் விழுந்தவர் பஸ் ஓட்டக் கூடாது என்றது இன்சூரன்ஸ். கிரேன் ஏறக் கூடாது என்றது. கல்யாணத் தரகர்கள் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தணித்து, "பையனுக்கு எஃப் எதுவும் இல்லையே" என்று கேட்டார்கள். ரோசலினின் மேலாளர் மதனுக்கே போன வருஷம் எஃப் விழுந்தது. அன்றிலிருந்து மனிதர் தலையில் தண்ணீர்க் குடம் வைத்திருப்பவரைப் போல நடந்தார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார், மொத்த உடம்பையும் திருப்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ரோசலினுக்குச் செங்கமலம் டிரான்ஸ்போர்ட் என்ற ஆம்னி பஸ் கம்பெனியின் பழைய படங்கள் மறுபார்வைக்கு வந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஸ்கேன் வண்டி அந்தக் கம்பெனியின் ஷெட்டுக்கே போய், முதலாளி முதல் கிளீனர் வரை நாற்பது சொச்சம் பேரை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்திருந்தது. கோடு சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

துரைக்கண்ணு, டிரைவர், ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்து அருமையாக இருந்தது. எஃப் இல்லை. அடுத்த படத்துக்குப் போகவேண்டியவள் நின்றாள். பிடரிக்குக் கொஞ்சம் மேலே, படத்தில் வெள்ளையாக, வளைந்த ஒரு சின்னக் கம்பி. மெஷின் அதைப் பார்த்து, "உலோகம், பொருட்படுத்த வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தது. ரோசலினுக்கு அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியவில்லை. அவள் தலையில் அந்த நேரத்தில் அதே போல நாலு இருந்தன.

"ஐம்பது வயசு டிரைவர் எதுக்குக் கொண்டை ஊசி குத்துறாரு" என்று பக்கத்துச் சீட்டில் இருந்தவளிடம் கேட்டாள். அவள், "குடுமியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ரோசலின் பட்டியலில் ஒரு வரி மேலே போனாள். சுகன்யா, புக்கிங் கவுண்டர், இருபத்திரண்டு வயது. படத்தில் இருந்ததோ தடித்த எலும்பும் அகன்ற தோளுமாக ஓர் ஆண் கழுத்து. இன்னும் மேலே போனாள். எல்லாம் ஒட்டவில்லை. கடைசியில் முதல் ஆளிடம் வந்தாள். முதலாளி ஆவுடையப்பன். கழுத்து என்றால் அதுதான் கழுத்து. ஒரு தேய்மானம் இல்லை, மூச்சு விட்ட கலங்கல்கூட இல்லை. எலும்புக்குக் கீழே, நெஞ்சு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் ஒரு திருகாணி தெரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மெஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். பொம்மையின் படம் முதலாளிக்குப் போக, முதலாளியின் படம் அடுத்தவருக்குப் போக, வரிசை மொத்தமும் ஓர் ஆள் தள்ளிப் போயிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் நின்றவரின் கழுத்து.

துரைக்கண்ணுவின் நிஜமான கழுத்து எங்கே என்று பார்த்தாள். அவருக்கு அடுத்து நின்ற பிச்சைமணி என்ற டிரைவரிடம் இருந்தது. அது பார்க்கச் சகிக்காத கழுத்து. ஜவ்வுகள் வற்றி, எலும்புகளின் ஓரம் முள் முள்ளாக வளர்ந்து கிடந்தது. கோடின் வாலில் எஃப். பிச்சைமணி இரண்டு வருஷத்துக்கு முன்பே ஸ்டியரிங்கிலிருந்து இறக்கப்பட்டு, பார்சல் பிரிவில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அவருடைய சொந்தக் கழுத்து அவருக்குப் பின்னால் நின்ற கிளீனரிடம் போயிருந்தது. அதில் வயசுக்கு மீறி எந்தத் தேய்மானமும் இல்லை.

மதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"யாராவது புகார் குடுத்துருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. திங்கக்கிழமை எல்லாப் படத்தையும் ஒரு இடம் மேல ஏத்திருவோம். கோடு தானா மாறிடும். கம்பெனிக்குத் தகவல் போயிடும்."

"மாறினா துரைக்கண்ணுவுக்கு எஃப் விழுந்துடும் சார். வண்டியிலேருந்து இறக்கிருவாங்க."

"அது அவரோட கழுத்துதானே ரோசலின். நாமளா கெடுத்தோம்?"

"அவருக்கு வலின்னு ஒரு வார்த்தை எங்கயும் இல்ல. ரெண்டு வருஷமா ஒரு நாள்கூட லீவு போடல. இந்தப் படத்துப்படி பாத்தா இந்நேரம் அவரு கையே மரத்துப் போயிருக்கணும்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பக்கம் பிச்சைமணி. அவரோட நிஜக் கழுத்து சுத்தமா இருக்கு. ஆனா வலிக்கு மாத்திரை, பெல்ட், பிசியோதெரபின்னு மாசம் தவறாம பில் வந்துருக்கு."

மதனின் கை, அவருக்கே தெரியாமல், தன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்கு அவங்களைப் பாக்கணும் சார்" என்றாள்.

"நாம கழுத்தைத்தான் பாக்கணும். மொகத்தைப் பாக்க ஆரம்பிச்சா இந்த வேலை செய்ய முடியாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம், உடம்போடு சேர்த்து, திரும்பினார். "திங்கக்கிழமை வரைக்கும் நான் இந்த ஃபைலைத் திறக்கல. அவ்வளவுதான் என்னால முடியும்."

சனிக்கிழமை காலையில் அவள் மன்னார்புரம் ஷெட்டுக்குப் போனாள். வாசலிலேயே பிச்சைமணியைக் கண்டுபிடித்துவிட்டாள். கழுத்தைச் சுற்றிக் கெட்டியான பெல்ட், அதற்கு மேல் ஒரு துண்டு. தராசுக்குப் பக்கத்தில், முதுகு நாற்காலியில் படாமல், பரீட்சை எழுதுகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். பார்சலின் மேல் ஒட்டவேண்டிய சீட்டைக் குனிந்து ஒட்டாமல், பார்சலை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கவைத்து ஒட்டினார். தூக்கிப் பிடித்தவர் வேறு ஆள். அகலமான தோளும் வெற்றிலைக் கறை படிந்த பல்லுமாக இருந்த அவர், ஒட்டி முடித்ததும் அந்த மூட்டையை அப்படியே தலைக்கு ஏற்றிக்கொண்டு பஸ்ஸின் ஏணியில் விறுவிறுவென்று ஏறினார்.

"துரைக்கண்ணு, மெதுவாடா மாப்ள" என்றார் பிச்சைமணி.

ரோசலின் கண்ணை மூடித் திறந்தாள். அந்தத் தலைக்குக் கீழே இருக்கிற எலும்பு ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும்.

ஸ்கேன் விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னதும் பிச்சைமணி அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். துரைக்கண்ணு டீ வாங்கி வந்தார்.

"வலி எப்பலேருந்துங்க?" என்று கேட்டாள்.

"ஸ்கேன் ரிசல்ட்டு வந்த மறுநாள்லேருந்து மேடம்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கழுத்துன்னு ஒண்ணு இருக்குங்கிறதே எனக்குத் தெரியாது. உய்யக்கொண்டான் வாய்க்கால்ல பாலத்து மேலேருந்து குதிப்பேன். எம் பொண்ணோட குழந்தைய தோள்ல உக்கார வச்சுக்கிட்டு உறையூர் பூரா சுத்துவேன். ஸ்கேன் எடுத்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா என்னைக்காவது குதிச்சு அப்படியே போயிருப்பேன்." பெல்ட்டைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். "இப்ப குழந்தை நடக்குது, பேசுது. அதுக்கப்புறம் நான் தூக்குனதே இல்ல. தாத்தா கழுத்து கண்ணாடின்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துருக்கோம்."

"எல்லா வேலையும் இவர்தான் பாத்துக்குறாரா?" ரோசலின் துரைக்கண்ணுவைக் காட்டினாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. இவன் டியூட்டி முடிச்சு வந்து என் லோடையும் ஏத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவான். சாப்பாட்டுக் கேரியரைக்கூட எடுக்க விடமாட்டான்."

"எனக்கு நல்ல கழுத்து மேடம்" என்றார் துரைக்கண்ணு. "சின்னப் பிள்ளை கழுத்து மாதிரி இருக்குன்னு ரிசல்ட்டுல வந்துச்சு. சும்மாதானே இருக்கு, தூக்கட்டும்."

சின்னப் பிள்ளைதான், பெயர் சுகன்யா என்று ரோசலின் நினைத்துக்கொண்டாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அங்கிருந்து நேராகப் பாலக்கரைக்குப் போனாள். டாக்டர் ஹபீப் எலும்பு மருத்துவர். மெஷின் வருவதற்கு முன்னால் அவர் எழுதிய குறிப்புகளுக்குத்தான் அவள் ஐந்தாறு வருஷம் கோடு போட்டாள். போனில் சந்தேகம் கேட்டிருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. பெரியவர் போனில் கேட்ட கனத்த குரலுக்குச் சம்பந்தமில்லாமல் ஒல்லியாக இருந்தார். துரைக்கண்ணுவின் படத்தை டேப்லெட்டில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஆளு என்ன பண்றாரு?"

"இப்பதான் ஒரு மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு ஏணி ஏறுனாரு டாக்டர்."

"ஏறுவாரு. இந்த வயசுல ரோட்டுல போறவங்களை நிறுத்திப் படம் எடுத்தா பாதிப் பேருக்குப் படம் நல்லா இருக்காது. அவங்கல்லாம் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க."

"அப்ப மெஷின் சொல்றது பொய்யா?"

"பொய் இல்லம்மா. அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது யாரோட படத்த வச்சு? வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க படத்த வச்சு. வலிக்காம வீட்டுல இருந்தவன அது பாத்ததே இல்ல. அதனால தேஞ்ச கழுத்துன்னா வலிக்கிற கழுத்துன்னு நெனச்சுக்கிருச்சு."

"பிச்சைமணிக்கு வலிக்குதே. நல்ல கழுத்து. நடிக்கிற மாதிரி தெரியல."

"நடிக்கல. உன் கழுத்து கண்ணாடின்னு ஒருத்தன்கிட்ட சொல்லிப்பாரு. கண்ணாடியப் பிடிக்கிற மாதிரியே பிடிச்சுக்குவான். சதை எல்லாம் இறுகிரும். பெல்ட்டு வேற. வலி நெசம்தான். காரணம்தான் எலும்புல இல்ல." அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. தொட்டுப் பாக்காம நான் எதுவும் எழுத மாட்டேன். ஒருவேளை இந்தத் துரைக்கண்ணுவுக்கு உண்மையிலேயே தண்டுவடம் அழுந்தியிருந்தா, பஸ் ஓட்ட நானே விடமாட்டேன். அதுக்கும் தயாரா இரு."

டாக்டர் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லி, அன்று மாலையே ரோசலின் இரண்டு பேரையும் ஒரு ஷேர் ஆட்டோவில் பாலக்கரைக்குக் கூட்டிப்போனாள். குலுக்கலுக்குப் பயந்து பிச்சைமணி கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துரைக்கண்ணு தன் கையை அவர் முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுத்திருந்தார்.

டாக்டரின் அறையில் ரோசலின்தான் பேசினாள். வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. பொம்மை ஒன்று வரிசையில் முதலில் புகுந்துவிட்டது, அதனால் எல்லாருடைய படமும் ஓர் ஆள் தள்ளிப் போய்விட்டது, உங்களிடம் இருப்பது உங்கள் கழுத்து இல்லை என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

பிச்சைமணியின் விரல்கள் பெல்ட்டின் ஓரத்தில் ஊர்ந்தன.

"ரெண்டு வருஷம் மேடம்" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "பேத்தி ஆசையா ஓடி வரும். கிட்ட வந்ததும் நின்னுக்கும். நீங்க ஒரு தப்பு பண்ணிட்டீங்க, சரி. ரெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட என்னைத் தொட்டுப் பாக்கலையே. எல்லாரும் அந்தக் கோடைத்தானே பாத்தாங்க."

ரோசலின் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பிரித்து, பிரித்ததும் பயந்து, திரும்ப ஒட்டினார். பிறகு கேட்டார்.

"அப்ப இது யாரோட கழுத்து?"

"இன்னொருத்தர் படத்தப் பத்தி நான் உங்ககிட்டப் பேச முடியாதுங்க" என்றார் டாக்டர்.

பிச்சைமணியின் கண் ரோசலின் முகத்தில் நின்றது. அந்தப் பார்வை எதையோ தேடிக்கொண்டு பின்னால் போவது அவளுக்குத் தெரிந்தது. ஷெட், ஸ்கேன் வண்டி, வெயில், வரிசை. முன்னால் நின்ற முதுகு. அவர் முகம் வெளிறியது. தலையைத் திருப்பவில்லை, ஆனால் கண் மட்டும் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டு வந்தது.

"யாரோடதும் இல்ல" என்றார் அவர். "அந்தப் பொம்மையோடதா இருக்கும். பழைய பொம்மையா வச்சிருப்பானுங்க. ஊர் ஊரா வண்டியில போட்டு உருட்டித் தேஞ்சு போயிருக்கும். என்ன மேடம், சரிதானே?"

ரோசலின் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, தேவையே இல்லாமல், துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொம்மைக் கழுத்துக்காடா நான் ரெண்டு வருஷம் கேரியர் தூக்குனேன்" என்று துரைக்கண்ணு சிரித்தார். பிறகு டாக்டரிடம், "அப்ப என்கிட்ட இருக்கிறதும் வேற ஆளோடதுதானே" என்றார்.

"ஆமா. உங்களோட சொந்தப் படம் இங்க இருக்கு. அதுல என்ன இருக்குன்னு சொல்லட்டுமா? கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு."

துரைக்கண்ணு மீசையைத் தடவினார். "படத்துல நான் என்னைக்குமே நல்லா இருந்ததில்ல டாக்டர். ஆதார் கார்டுல பாத்தீங்கன்னா திருடன் மாதிரி இருப்பேன். நீங்க கையால பாத்துச் சொல்லுங்க. அது போதும்."

டாக்டர் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். துரைக்கண்ணு பிடித்ததில் டாக்டரின் முகம் கோணியது. முழங்காலிலும் முழங்கையிலும் சின்னச் சுத்தியலால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நேராக நடக்கச் சொன்னார். சட்டைப் பட்டனைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கழுத்து இடது பக்கம் கொஞ்சம் குறைவாகத் திரும்பியது. அந்த வயதில் அது சாதாரணம் என்றார்.

"நல்லா இருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. தலையில மூட்டை வைக்கறத விடுங்க. விரல் மரத்துப் போனாலோ, பட்டன் போட வராம தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ வண்டிய ஓரங்கட்டிட்டு அன்னைக்கே என்கிட்ட வரணும். ஆறு மாசத்துக்கு ஒருதடவ சும்மாவும் வரணும்."

பிச்சைமணியைச் சோதிக்க அதிக நேரம் ஆனது. பெல்ட்டைக் கழற்றியதும் அவர் தலை நடுங்கியது. வாடகைக்கு வாங்கிய தலையைப் போல அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் தாடையில் விரலை வைத்து, இம்மி இம்மியாக வலப்பக்கம் திருப்பினார். ஒன்றும் உடையவில்லை. பிச்சைமணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலியா என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டாக்டர் ஹபீப். திங்கட்கிழமை ரோசலின் அதை மதனின் மேஜையில் வைத்தாள்.

"பரிசோதிச்ச டாக்டர் எழுதினது இருந்தா, படத்த விட அதுக்குத்தான் முதல்ல கோடு போடணும் சார். பழைய விதி."

"அது இன்னும் இருக்கா?"

"யாரும் எடுக்கல. படிக்கறத நிறுத்திட்டோம்."

மதன் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். இருந்தது. துரைக்கண்ணுவுக்கு ரோசலின் போட்ட கோடுக்கு, பரிசோதிக்கப்பட்டார், குறை ஏதும் காணப்படவில்லை என்று அர்த்தம். எஃப் இல்லை. பிச்சைமணிக்குத் தசை இறுக்கம் என்று போட்டாள். அதற்கும் எஃப் கிடையாது. மீதிப் பேரையும் டாக்டரிடம் அனுப்பவேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினார்கள். ஒவ்வொருவராகப் போய்வந்தார்கள். முதலாளி ஆவுடையப்பன் மட்டும் போகவில்லை. தன் கழுத்தைப் பற்றி இரண்டு வருஷமாக நடைப்பயிற்சிக் கூட்டாளிகளிடம் சொல்லிவைத்திருப்பதை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை.

மேலிடத்துக்கு இது ரசிக்கவில்லை. ஒரு கம்பெனிக்கு டாக்டர் என்றால் நாளைக்கு எல்லாக் கம்பெனியும் டாக்டர் கேட்கும். ரோசலினைத் திட்டவில்லை, வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. முழங்கால் பிரிவுக்கு மாற்றினார்கள். மாறிப்போகிற நாளில் மதன் அவளைக் கூப்பிட்டு, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, "அந்த டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பாரு?" என்று கேட்டார்.

சில மாதங்கள் கழித்து ரோசலினும் லாரன்ஸும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். ரயிலில் இடம் கிடைக்காமல் செங்கமலம் பஸ்ஸில் பகல் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். ஷெட்டில் ஏறும்போது, பிச்சைமணி ஒரு பெரிய பெட்டியைத் தோளில் வைத்து ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு மட்டும் இருந்தது. இறங்கி வந்தவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

"இப்ப எல்லா லோடும் நான்தான் மேடம். டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லிருக்காருன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு பொட்டலத்தக்கூட தொட விடறதில்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் காட்டிக்காதீங்க."

"வலி இருக்கா?"

"அதைப் பாக்க நேரம் இல்ல" என்றார் பிச்சைமணி.

வண்டியை ஓட்டியது துரைக்கண்ணு. தஞ்சாவூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். லாரன்ஸ் வடை வாங்கப் போனான். துரைக்கண்ணு கிளாஸுடன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெயிலில் வயல்கள் பளபளத்தன. பிச்சைமணி தேறிவிட்டதைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசினார்கள். பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாராம்.

"லைன்ல அவனுக்கு முன்னாடி நின்னது நான்தான் மேடம்" என்றார் துரைக்கண்ணு திடீரென்று, டீயைப் பார்த்துக்கொண்டே. "வெயிலுக்கு என் முதுகு நிழல்ல ஒதுங்கிக்கிட்டு நின்னான். அது எனக்கு மட்டும் மறந்துருமா?"

ரோசலின் அவர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே தெரியுமா?"

"அவன் பொம்மைன்னு சொன்னான் பாருங்க, அப்பவே தெரியும். இத்தனை வருஷத்துல அவன் என்கிட்ட சொன்ன மொதப் பொய் அது. சரியாவே வரல."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? அவன் நாள் பூரா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பான். நான் நாள் பூரா கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் பெல்ட்டு ஆளு மாறும், அவ்வளவுதான். இப்ப எனக்காகத் தூக்குறோம்னு நெனச்சு மலையையே தூக்குறான். அந்த நெனப்புல அவன் வலி எங்க போச்சுன்னே தெரியல. நான் தெரியாத மாதிரி ஏமாந்துக்கிட்டு இருக்கேன். கஷ்டமான வேலை இல்ல."

"நீங்க தொட்டுப் பாக்குறதில்லையா?"

அவர் கிளாஸைக் கவிழ்த்து மிச்சத்தை மண்ணில் ஊற்றினார்.

"காலைல சட்டை போடறப்ப ஒவ்வொரு பட்டனா போடுவேன். டாக்டர் சொன்னாருல்ல. கடைசிப் பட்டன் போட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு பயம் இருக்கும். முடிஞ்சதும் போயிரும். அந்தப் பயம் எல்லாருக்கும் ஏதோ ஒரு பட்டன்ல இருக்கும்தானே மேடம். நீங்க வந்து ஏறுங்க, நேரம் ஆச்சு."

எல்லோரும் ஏறினார்கள். லாரன்ஸ் அவளுக்கு ஒரு வடையைக் கொடுத்துவிட்டு, "யாரு அவரு? இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்த?" என்று கேட்டான்.

"தெரிஞ்சவரு" என்றாள் ரோசலின்.

துரைக்கண்ணு கண்ணாடியைச் சரிசெய்தார். இடது பக்கம் சைக்கிளில் போன ஒரு பெண் கடந்து போகட்டும் என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக் காத்திருந்தார். அவள் போனதும் வண்டியை மெதுவாகச் சாலையில் ஏற்றினார்.